சின்னம் சொல்லாத சேதி

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கடற்படை விமானி ஒருவரின் தோல் ஜாக்கெட் ஏலத்துக்கு வந்தால், மார்பில் தைத்திருக்கும் சின்னத்தைப் பார்த்தே இன்ன படையணி, இன்ன கப்பல், இன்ன சண்டை என்று வரலாறு எழுதிவிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. தாளில் எதையும் எழுதலாம், துணி பொய் சொல்லாது என்பது அதற்குச் சொல்லும் நியாயம்.

ஒரு பாதி சரிதான். பெயர் மட்டும் தெரிந்த குடும்பத்துக்குச் சின்னம் ஒரு நூல்முனை. போர்க்காலத் தாள்களும் குறையற்றவை அல்ல. சுட்டு வீழ்த்திய விமானங்களின் கணக்கு பலமுறை மிகையாகவே பதிவானது. நூலைப் பார்த்தே காலம் சொல்லும் சேகரிப்பாளர்களின் அனுபவமும் மதிக்கத்தக்கது.

ஆனால் சின்னம் அசலா என்பது ஒரு கேள்வி, அதை அணிந்தவர் எங்கே பறந்தார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் பொருத்துவதில்தான் பிழை தொடங்குகிறது.

திரி எரியும் குண்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் கார்ட்டூன் பூனை ஃபெலிக்ஸை எடுத்துக்கொள்வோம். அது விஎஃப்-3 என்ற போர் விமான அணியின் சின்னம். 1942 பிப்ரவரி 20 அன்று லெக்சிங்டன் கப்பலைக் காத்து மெடல் ஆஃப் ஹானர் விருது பெற்ற விமானி எட்வர்ட் ஓ'ஹேர் அந்த அணிக்காரர். 1943 ஜூலை 15 அன்று விஎஃப்-3 அணியும் விஎஃப்-6 அணியும் எண்களை மாற்றிக்கொண்டன. ஓ'ஹேரின் ஆட்கள் விஎஃப்-6 ஆனார்கள், பூனையை விடவில்லை. மூன்றாம் எண்ணைப் பெற்ற அணியோ, எண்ணோடு பூனையும் தனக்கே என்றது. போர் முடிந்து 1946-இல்தான் கடற்படை அந்த அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்படியிருக்க, அசல் பூனை ஒன்று கையில் இருந்தாலும் அது எந்த அணியின் பூனை?

விமானி அலெக்ஸ் விராசியு இன்னும் தெளிவான சான்று. ஓ'ஹேரின் கீழ் விஎஃப்-6 அணியில் பறந்தவர், பிறகு விஎஃப்-16, கடைசியில் விஎஃப்-20. 1944 ஜூன் 19 அன்று பிலிப்பைன் கடல் சண்டையில் சில நிமிடங்களில் 6 ஜப்பானிய விமானங்களை வீழ்த்தியது விஎஃப்-16 அணிக்காரராக. இப்படி மூன்று அணி மாறிய ஒருவரின் ஜாக்கெட்டில் பூனை மட்டும் இருந்தால், அவருடைய மிகப் பெரிய நாள் கணக்கிலேயே வராது.

மண்டையோடும் குறுக்கெலும்பும் கொண்ட ‘ஜாலி ரோஜர்ஸ்’ கதை இதைவிடச் சிக்கல். டாம் பிளாக்பர்ன் தலைமையில் 1943 ஜனவரியில் தொடங்கி, சாலமன் தீவுகளில் கோர்சேர் விமானங்களில் போரிட்ட விஎஃப்-17, 1944 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. பெயரும் மண்டையோடும் அணி அணியாகக் கைமாறி இன்று விஎஃப்ஏ-103 அணியிடம் இருக்கின்றன. இவற்றை ஒரே தொடர்ச்சியான அணியாகக் கடற்படை ஏற்பதில்லை. ஏலப் பட்டியல்களோ ஒரே குலக்கொடியாக எழுதிவிடுகின்றன. அதற்குப் பெயர் ஆய்வு அல்ல.

பதிவேடுகள் தீயில் எரிந்துபோயின, சின்னம்தான் மிச்சம் என்ற சமாதானமும் அடிக்கடி காதில் விழுகிறது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பற்றி 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தது உண்மை. எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படைக் கோப்புகள் தப்பின. பணி முடிந்து 62 ஆண்டு கடந்தவரின் கோப்பை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். கைக்கெட்டும் தூரத்தில் ஆவணம் இருக்க, அதை ஒருமுறைகூடக் கேட்காமல் துணியை வைத்து ஒருவரின் போர்க்காலத்தை எழுதுவது, அவருக்கும் அவருடன் பறந்து திரும்பாதவர்களுக்கும் செய்யும் அநீதி.

கோப்பில் அணி மாற்ற உத்தரவுகள் தேதியோடு இருக்கும். விமானியின் பறப்புக் குறிப்பேடு வீட்டில் மிஞ்சியிருந்தால், எந்த நாள், எந்த விமானம், எத்தனை மணி நேரம் என்பதும் அவர் கையெழுத்திலேயே கிடைக்கும். அந்தப் பூனை 1943 ஜூலை 15-க்கு முந்தையதா பிந்தையதா என்று விவாதிக்கும் முன் புரட்டவேண்டியது அந்தப் பக்கங்களைத்தான்.