ஒரே கல்லை மூன்று துறையினர் பார்த்தபோது

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் மெய்யியல் கற்பித்த மைக்கேல் லாக்வுட், கணிதமும் புள்ளியியலும் கற்பித்த கிஃப்ட் சிரோமணி, தாவரவியல் கற்பித்த பி. தயானந்தன் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய 'மகாபலிபுரம் ஸ்டடீஸ்' 1974இல் வெளிவந்தது. மூவரில் ஒருவரும் வரலாற்றுத் துறை ஆசிரியர் அல்லர். ஆனால் அவர்கள் கையிலெடுத்தது பல்லவர் வரலாற்றின் நடுமுற்றத்தில் கிடந்த சிக்கல். மாமல்லபுரத்துக் குடைவரைகளும் ஒற்றைக்கல் தேர்களும் மாமல்லன் தொடங்கிப் பல பல்லவ அரசர் காலத்தில் அடுத்தடுத்து உருவானவை என்பது பழைய கருத்து. அனைத்தும் ராஜசிம்மன் ஒருவன் காலத்தவை என்று 1962இல் இரா. நாகசாமி வாதிட்டார். கல்வெட்டையும் கட்டடப் பாணியையும் வைத்து அறிஞர்கள் வழக்காடிக்கொண்டிருந்த இடத்தில், சிற்பங்களின் இடைத்துணி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, காதணி எந்த வடிவம், பூணூல் எந்தத் தோளில் தொடங்கி எங்கே போகிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இவர்கள் கொண்டுவந்தார்கள். ஆடை அணிகலன் பற்றிச் சிரோமணி 1970இல் எழுதிய கட்டுரை வெளிவந்தது கல்லூரியின் சொந்த இதழில்தான். பின்னாளில் அவரும் துறைத் தோழர்களும் பல்லவச் சிற்பங்களின் முகம், கை, கால்களை அளந்து, சிற்ப நூல்கள் கூறும் தாள அளவோடு ஒப்பிட்டுப் புள்ளியியல் வழியே ஆராய்ந்தார்கள்.

துறைகள் சேர்ந்து உழைக்க வேண்டும் என்று இன்று எல்லாரும் சொல்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வியைத் தன் மையத்தில் வைக்கிறது. புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன, கூட்டுக் கருத்தரங்குகள் நடக்கின்றன. இவற்றில் எது உண்மையான கூட்டுழைப்பு என்று கேட்க ஓர் அளவுகோல் வேண்டும். மாமல்லபுர ஆய்வு அதைத் தருகிறது என்று நினைக்கிறேன். அந்த மூவரும் ஒரே கல்லின் முன்னால் நிற்க முடிந்தது. புள்ளியியலார் எண்ணியதை மெய்யியலார் மறுபடி எண்ணிச் சரிபார்க்கலாம்; தாவரவியலார் சிற்பத்தில் ஒரு செடியைச் சுட்டினால் மற்ற இருவரும் இலையைப் பார்த்து ஐயம் கிளப்பலாம். ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தும் வாய்ப்பு அந்த வேலையின் அமைப்பிலேயே இருந்தது. பிற துறையாரால் தன் முடிவு தவறென்று காட்டப்படும் சாத்தியம் இருக்கும் அளவுக்குத்தான் ஒரு கூட்டாய்வு கூட்டாய்வாகிறது. கட்டுரையின் தலையில் எத்தனை பெயர்கள், எத்தனை துறைகள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரவேண்டிய கணக்கு.

இதே அளவுகோலைக் கோல ஆய்விலும் வைத்துப் பார்க்கலாம். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை, வாசலில் போடும் புள்ளிக் கோலத்தைக் கணினியியலின் இலக்கண விதிகளால் உருவாக்க முடியும் என்று காட்டியது. சொற்றொடர்களுக்கு வகுத்த இலக்கணத்தைப் படங்களுக்கு விரித்தபோது, விதி சரியா என்று சோதிக்கக் கோலமே கையருகில் இருந்தது. விதி தவறினால் கோலம் கோணும். அதைக் காணக் கணிதப் பட்டம் தேவையில்லை.

எல்லாப் பொருளும் இப்படி வெளிச்சத்தில் கிடப்பதில்லை. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் பகுப்பாய்வு கூறியதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது. அகழ்வாய்வில் கிடைத்த எலும்புகள் புனேயின் டெக்கான் கல்லூரிக்குப் போயின. இத்தகைய உதவியின்றி இன்று தொல்லியலே இல்லை. கீழடியின் பெருமையை உலகம் ஏற்க அந்த எண்கள் வேண்டியிருந்தன. ஆனால் மாதிரியை அனுப்பி எண்ணைப் பெற்றுக்கொள்வது வேறு, சேர்ந்து சிந்திப்பது வேறு. ஆய்வகம் சொல்வது கரியின் வயதைத்தான். அந்தக் கரி பக்கத்தில் கிடந்த பானை ஓட்டோடு ஒரே காலத்தில் மண்ணுக்குள் போனதா என்பது குழியில் நின்றவருக்குத்தான் தெரியும். மறுபக்கம், கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தில் கதிர்க்கரி அளவீட்டைத் திருத்தப் பயன்படும் வளைவு ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது; அந்த நூற்றாண்டுகளில் ஒரே அளவீடு பல காலங்களுக்குப் பொருந்திவரும். தமிழ்ப் பண்பாட்டின் தொன்மை பற்றிய விவாதத்தின் பெரும்பகுதி அந்த நானூறு ஆண்டுகளுக்குள்தான் விழுகிறது. இதைத் தொல்லியலாருக்கு விளக்கிச் சொல்லவும், எத்தனை மாதிரிகளை எந்த அடுக்குகளிலிருந்து எடுத்தால் ஐயம் குறையும் என்று குழி தோண்டும் முன்பே சேர்ந்து திட்டமிடவும் ஓர் இயற்பியலார் பக்கத்துத் துறையில் இருந்தால் அது கூட்டுழைப்பு. தபாலில் வரும் அறிக்கை அந்த இடத்தை நிரப்பாது. இங்கே இரு தரப்பும் ஒன்றையொன்று நம்புகின்றன. ஆனால் எதையும் கேட்டுத் துருவ முடியாத நம்பிக்கை அது.

நம்பிக்கையின் இந்தப் பலவீனம் மிக வெளிப்படையாகத் தெரிந்த இடம் சிந்துவெளி எழுத்து. 2009இல் 'சயன்ஸ்' இதழில் ராஜேஷ் ராவ், நிஷா யாதவ், மயங்க் வாஹியா, ரணஜாய் அதிகாரி, ஐராவதம் மகாதேவன் முதலியோர் எழுதிய கட்டுரை வந்தது. அமெரிக்கக் கணினியியலார், மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தார், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயற்பியலார், இக்குறிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கல்வெட்டறிஞர் என்று இதைவிடச் சிறந்த சேர்க்கையைக் கற்பனை செய்வது கடினம். குறிகள் வரும் ஒழுங்கின் அளவு மொழிகளின் ஒழுங்கை ஒத்திருக்கிறது என்றார்கள். சிந்துக் குறிகள் எழுத்தே அல்ல என்று 2004இல் பிறர் எழுதியிருந்ததற்கு இது வலுவான மறுப்பாக வந்தது. 2010இல் கணினி மொழியியலார் ரிச்சர்ட் ஸ்ப்ரோட் எழுதிய எதிர்வினை, முறையில் குறை சொன்னதோடு நில்லாமல் இன்னொன்றையும் கேட்டது: மொழியைக் கணினியால் ஆராய்வதே தொழிலாகக் கொண்ட துறை ஒன்று இருக்கும்போது, பொது அறிவியல் இதழ்கள் இதுபோன்ற கட்டுரைகளை அத்துறையாரைக் கேட்டுத்தான் தேர்கின்றனவா? ராவும் தோழர்களும் ஸ்ப்ரோட்டின் எதிர்வினை வந்த இதழிலேயே விரிவாகப் பதிலளித்தார்கள்; எண் ஒரு நிரூபணம் அல்ல, சான்றுகளில் ஒன்று என்பது அவர்கள் நிலை. எனக்கு அவர்கள் ஆய்வின்மேல் மதிப்புண்டு. ஆனாலும் ஸ்ப்ரோட்டின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நான்கு துறைகள் சேர்ந்து எழுதியதை முழுமையாக மதிப்பிட எந்த ஒரு துறைக்கும் ஆற்றல் இல்லை. ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் தமக்குத் தெரிந்த கால்பங்கைப் பார்த்துவிட்டு, மீதியைப் பிறர் பார்த்திருப்பார் என்று விடும் ஆபத்து இம்முறையோடு கூடப் பிறந்தது.

நம் பல்கலைக்கழகங்கள் இந்த ஆபத்தைக் கவனிப்பதற்கு மாறாக, கூட்டுழைப்பின் நல்ல பகுதியைத்தான் தண்டிக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் வகுத்த விதிமுறைகளின்படி, பதவி உயர்வுக்கான கணக்கில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு அறிவியல் துறைகளில் 8 மதிப்பெண், மொழி, மானுடப் புலங்களில் 10. இருவர் எழுதினால் இருவருக்கும் 70 விழுக்காடு. இருவருக்கு மேற்பட்டால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர் ஒவ்வொருவருக்கும் 30. இருவர் சேர்ந்தால் இழப்பு பெரிதில்லை. மூன்று துறையினர் சமமாக உழைத்தால், 10 மதிப்பெண்ணில் ஒருவருக்கு 7, மற்ற இருவருக்கு 3, 3. யார் முதன்மை என்பதில் பேச்சு தொடங்கும்போதே நட்பில் கீறல் விழுகிறது. பல்லவச் சிற்பத்தைப் பற்றிப் புள்ளியியல் ஆசிரியர் எழுதினால் 8ஆ 10ஆ என்பது அடுத்த குழப்பம். எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு. அந்த விதிமுறைகள் கணக்கில் ஏற்றியது துறையறிஞர் மதிப்பீடு பெற்ற அல்லது யுஜிசி பட்டியலிட்ட இதழ்களில் வந்தவற்றை மட்டுமே. 1970இல் கல்லூரி இதழில் வந்த அந்த ஆடை அணிகலன் கட்டுரைக்கு இந்தக் கணக்கில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. வேறு துறைக்குள் முதல் அடி வைப்பவர் தயங்கித் தயங்கி எழுதிப்பார்க்கும் இடம் அதுதான். அங்கே எழுதினால்தான் பக்கத்து அறை ஆசிரியர் படித்துவிட்டுத் தேடிவருவார்.

சிரோமணி போன்றவர் நூற்றாண்டுக்கு ஒருவர், அவரை வைத்து விதி செய்யலாமா என்று கேட்பார்கள். பாதி உண்மை. ஆர்வத்தை ஆணையால் உண்டாக்க முடியாது. ஆண்டுக்கு ஒரு கூட்டாய்வு கட்டாயம் என்று சுற்றறிக்கை விட்டால் பெயர்ப் பண்டமாற்றுதான் பெருகும். ஆனால் அவர்களிடம் இருந்த மற்றவை அபூர்வமானவை அல்ல: ஒரே வளாகம், நிலையான வேலை, ஆண்டுக்கணக்கில் ஒரே பொருளைச் சுற்றிவரும் அவகாசம், சிறிய எழுத்தையும் வெளியிடும் இதழ். இவற்றைப் பல்கலைக்கழகம் தர முடியும். ஆழம் கெடும் என்ற மறுப்பு இதைவிட மதிக்கத்தக்கது. ஒருவரே நான்கு துறையில் கைவைத்தால் கெடும்தான். மாமல்லபுர ஆய்வில் நடந்தது அதுவல்ல. சிரோமணி புள்ளியியலாராகவே மாமல்லபுரம் போனார். தன் துறையில் வேர்விடாதவருக்குப் பிற துறையாரிடம் கொடுக்க எதுவும் இருக்காது. ஆகவே ஆழம்தான் கூட்டுழைப்பின் முன்நிபந்தனை.

ஆராய்ச்சியைவிடக் கற்பித்தலில்தான் இதைத் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வேற்றுத்துறை விருப்பப்பாடம் இருக்கிறது. வேதியியல் மாணவர் இதழியல் படிக்கலாம். அங்கே துறை மாறுபவர் மாணவர் மட்டும், ஆசிரியர் தத்தம் அறையிலேயே இருக்கிறார். இரண்டு துறை ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் நின்று, ஒருவர் சொன்னதை மற்றவர் மாணவர் முன்னிலையில் கேட்டால், தன் துறையின் கலைச்சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள யாராலும் முடியாது. கதிர்க்கரிக் கணிப்பைத் தமிழிலக்கிய மாணவருக்குப் புரியவைக்கும் இயற்பியலார், அதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். தடை மணிக்கணக்கு. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, பேராசிரியருக்கு 14 மணி நேரடிக் கற்பித்தல் என்று யுஜிசியின் அதே 2018 விதிமுறை சொல்கிறது. இருவர் நின்ற ஒரு மணி நேரத்தை இருவருக்கும் முழுதாக எழுத ஒவ்வொரு பாடத்திட்டக் குழுவும் முன்வர வேண்டும்; பணம் அதிகம் செலவாகாத சீர்திருத்தம் இது.

துறைகள் சேர்ந்து ஆராயும் முறையின் மிகப் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. அதைச் சுமப்பவர் பேராசிரியர் அல்லர். கூட்டாய்வு தோற்றாலும் நிலையான வேலையில் இருப்பவர் தன் துறைக்குத் திரும்பிவிடலாம். இரண்டு நெறியாளருக்குக் கீழே கல்வெட்டையும் கணினியையும் சேர்த்து முனைவர் பட்டம் முடித்தவருக்குத் திரும்ப வீடில்லை. வேலை அறிவிப்பு உரிய பாடத்தில் முதுகலைப் பட்டம் கேட்கிறது. நெட் தேர்வும் பாடவாரியாகத்தான் நடக்கிறது. தமிழ்த்துறையில் அவரைக் கணினிக்காரர் என்பார்கள், கணினித்துறையில் தமிழ்க்காரர் என்பார்கள். துறைகளை இணைக்கும் திட்டத்தில் ஓர் ஆய்வாளரைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம், அவர் பட்டம் எந்தெந்தப் பாடத்துக்கு உரியதாகக் கொள்ளப்படும் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும். இரு துறைகளுக்கும் பொதுவான பணியிடம் ஒன்றையேனும் தன் கணக்கில் வைத்திருக்க வேண்டும். அதுவரை, இந்த வழிக்கு வர விரும்பும் இளைஞரிடம் நெறியாளர்கள் இருவரும் இந்த நிலைமையை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.