கம்போ சாப்பிட்டிருக்கிறீர்களா?

அமெரிக்கச் சாப்பாடு எது என்று யாராவது கேட்டால் பர்கர், பீட்சா என்று சொல்வதை நான் விட்டு இரண்டு வருஷமாகிறது. கம்போ என்று சொல்கிறேன். நியூ ஆர்லியன்ஸ் போய்வந்ததிலிருந்து இந்தப் பிடிவாதம்.

முதல் கிண்ணம் டூக்கி சேஸ் உணவகத்தில். 1941-லிருந்து இருக்கும் கடை. செம்பழுப்புக் குழம்பில் நண்டு, இறால், புகையில் வாட்டிய சாஸேஜ், நடுவே ஒரு கரண்டி வெள்ளைச் சோறு. ஒரு வாய் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. கடலும் புகையும் ஒன்றாகத் தொண்டையில் இறங்குகிற ருசி அது! கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே மேஜையில் உட்காரக்கூடாது என்று சட்டம் இருந்த காலத்தில், இந்தக் கடை மாடியில்தான் உரிமைப் போராட்டக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அவர்களுக்கு கம்போ வார்த்துப் பசியாற்றியவர் லியா சேஸ். 2019-இல், 96 வயதில் மறைந்தார். ஒபாமா வந்து கம்போவில் ஹாட் சாஸ் ஊற்றியபோது அவரையே கடிந்துகொண்ட அம்மையார். அந்தக் கோபம் முழுக்க நியாயம் என்று சாப்பிட்ட பிறகு நான் சத்தியம் செய்வேன்.

ஆனால் கம்போ எனக்குப் புரிந்தது, தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவின் அடுப்படியில்தான். கனத்த இரும்புச் சட்டியில் எண்ணெயும் மைதாவும் சரிக்குச் சரி போட்டு, கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டார். ‘ரூ’ என்று அதற்குப் பெயர். அல்வா கிண்டுவது மாதிரி கை ஓயாமல் கிண்ட வேண்டும். முதலில் சந்தன நிறம், பிறகு வேர்க்கடலைத் தோல் நிறம், அப்புறம் செம்பு. முக்கால் மணி நேரத்தில் சாக்லேட் நிறம் வந்து, வறுத்த கொட்டையின் வாசனை வீட்டையே நிறைத்தது. ஒரு கரும்புள்ளி கண்ணில் பட்டாலும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டுமாம். சரியான நிமிஷத்தில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் கொட்டினார். சட்டி சீறியது. அந்த மூன்றுக்கும் அங்கே பரிசுத்த திரித்துவம் என்றே பெயர்!

மாவு கறுக்கக் கறுக்க ருசி ஏறும், குழம்பைக் கெட்டியாக்கும் சக்தி குறையும். அதை ஈடுகட்ட அவர் போட்டது என்ன தெரியுமா? வெண்டைக்காய். நாம் மோர் தெளித்து, புளி விட்டு விரட்டுகிற வழுவழுப்பு இருக்கிறதே, அதுதான் அங்கே குழம்புக்கு உயிர். கம்போ என்ற பேரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வெண்டையையும் நெல் விளைவிக்கும் அறிவையும் அந்த மண்ணுக்குத் தந்தார்கள். ரூ, பிரெஞ்சுக்காரர்களின் கைப்பக்குவம். வெண்டைக்காய் இல்லாத நாளில் தூவுகிற ஃபிலே, சாசஃப்ராஸ் மர இலையை உலர்த்தி இடித்த பொடி; அது அந்த மண்ணின் பூர்வகுடிகளான சாக்டோ மக்கள் சொல்லித்தந்தது. இறக்கிய பிறகுதான் ஃபிலே போட வேண்டும். கொதிக்கவிட்டால் நூல் நூலாக இழுக்கும்.

இத்தனை பேர் கைபட்ட குழம்பைவிட அமெரிக்கத்தனமான சாப்பாடு வேறென்ன இருக்க முடியும்? தக்காளி போடலாமா என்று மட்டும் அங்கே யாரிடமும் கேட்காதீர்கள்; நகரத்து க்ரியோல் வீடுகளில் போடுபவர்கள் உண்டு, கிராமத்து கேஜன் வீடுகளில் முகம் மாறிவிடும்.

அன்றிரவு இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். மூன்றாவதுக்குக் கையை நீட்டியபோது அந்த அம்மா சட்டியை மூடிவிட்டார். நம் மீன்குழம்பு மாதிரியேதான்: மறுநாள்தான் ருசி கூடுமாம். விடிந்ததும், பல் துலக்கிய கையோடு அடுப்படிக்கு ஓடினேன். அவர் ஏற்கெனவே சோறு வடித்து வைத்திருந்தார்.