கரையோடு நிற்கும் உரிமை: வேல்ஸ் நீர்த்தேக்கங்களும் பயணிகளும்

வேல்ஸின் மலைப் பள்ளத்தாக்குகளில் விடுமுறைக் கூட்டம் தேடிப் போகும் நீர்நிலைகள் இரண்டு வகை. பாலா ஊரை ஒட்டிய லின் டெகிட், லன்பெரிஸை ஒட்டிய லின் பாடார்ன் போன்றவை பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன இயற்கை ஏரிகள். ஏலன் பள்ளத்தாக்கின் அணைகள், வர்ன்வி, லின் கெலின் ஆகியவை பர்மிங்காமின், லிவர்பூலின் தண்ணீர்த் தேவைக்காக மனிதர் கட்டியவை. பயணக் கையேடுகளைப் புரட்டினால் இரண்டுக்கும் ஒரே வர்ணனைதான்: அழகிய காட்சி, நல்ல நடைபாதை, பக்கத்தில் தேநீர்க்கடை. இந்த நீர்நிலைகளைத் தேடிப் போகும் பொழுதுபோக்கு வளர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதன் பெரிய குறைகளில் பல, இரண்டையும் ஒன்றாகக் கருதுவதிலிருந்தே முளைக்கின்றன என்பது என் கருத்து.

நிறைகளை ஏலனிலிருந்து தொடங்கலாம். 1893-இல் வேலை ஆரம்பித்து, 1904-இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் திறந்துவைத்த திட்டம் அது. இங்கிருந்து 118 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பர்மிங்காமுக்குத் தண்ணீர் சரிவிலேயே ஓடிப்போய்ச் சேருகிறது. வழியில் பம்பு கிடையாது. அணைக்குக் கல் சுமந்த ரயில் பாதையின் தடம் இன்று ரயாடரிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டருக்கு நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் நீள்கிறது. பாரம் இழுக்கும் எஞ்சின் ஏற வேண்டும் என்பதற்காகப் போட்ட பாதை ஆதலால் ஏற்றம் மிக மெதுவானது. முழங்கால் வலிக்காரர்களும், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளும் தாய்மார்களும் மலைநாட்டுக்குள் வெகுதூரம் போய்வர முடிகிறது. திடகாத்திரமானவர்களுக்கே வாய்க்கும் வேல்ஸ் மலைகளில் இது சாதாரண வசதி அல்ல. நல்ல மழைக்குப் பிறகு பென் இ கரெக் அணைக்குக் கீழே நின்றால், வழிந்து இறங்கும் நீர் முரட்டுக் கற்களின் ஒவ்வொரு முனையிலும் மோதிச் சிதறி, சுவர் முழுவதும் நுரைப் போர்வையாகத் தெரியும். சாரல் முகத்தில் அடிக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது.

இன்னொரு நன்மை யாரும் திட்டமிடாமல் வந்தது. குடிநீர் கெடக் கூடாது என்று சுற்றுப்புற நிலம் நூறாண்டுக்கு மேலாகக் கட்டடங்கள் இல்லாமல் காக்கப்பட்டதால் அங்கே இரவு இருட்டாகவே இருக்கிறது. 2015-இல் ஏலன் பன்னாட்டு இருள்வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றது. நகரத்துப் பிள்ளைகள் பால்வீதியை வெறுங்கண்ணால் பார்க்க அங்கே வருகிறார்கள்.

ஆனால் தண்ணீருக்குள் இறங்கும் விஷயத்தில் கதை மாறுகிறது. 2000-ஆம் ஆண்டின் கிராமப்புற அணுகல் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திறந்தவெளி நிலத்தில் நடக்க உரிமை தந்தது. அங்குள்ள ஏரி, ஆறுகளில் குளிக்கும் உரிமையைத் தரவில்லை. ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு நீந்துவதையும் அனுமதிக்கிறது. லின் பாடார்னைக் குளிப்பதற்கான நீர்நிலையாக அறிவித்து, கோடையில் நீரின் தரத்தையும் சோதிக்கிறார்கள். நேற்று அங்கே நீந்தி மகிழ்ந்த பதினாறு வயதுப் பையன் இன்று ஒரு நீர்த்தேக்கத்துக்கு வருகிறான். பார்வைக்கு அதே தண்ணீர், அதே மலை. ‘நீந்தக் கூடாது’ என்று பலகை தடுக்கிறது. அதிகாரிகளின் கெடுபிடி என்று அவன் நினைத்துவிட்டால் முடிவு உயிரையே வாங்கக்கூடும்.

தடைக்கான காரணங்கள் உண்மையானவை. ஆழமான நீர்த்தேக்கத்தில் மேல்நீர் வெயிலில் இதமாக இருந்தாலும் சற்றுக் கீழே குளிர் வெட்டும். 15 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த நீரில் திடீரென்று விழுந்தவருக்கு, தன்னையறியாமல் மூச்சு உள்ளே இழுக்கும். அந்த ஒரு மூச்சில் தண்ணீர் புகுந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. அணையோரச் சுவர் செங்குத்தாக இறங்குவதால் பிடித்து ஏற இடமிருக்காது. மதகுகளும் குழாய்களும் முன்னறிவிப்பின்றி இயங்கும். இத்தனையையும் நாலு வரியில், படத்தோடு, அந்தப் பலகையிலேயே எழுதலாம். தடையை மட்டும் எழுதிவிட்டுக் காரணத்தை விழுங்குவது நீர்த்தேக்க நிர்வாகத்தின் முதல் தவறு.

இரண்டாவது தவறு வரலாற்றைப் பற்றியது. எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். லிவர்பூல் மாநகராட்சி 1957-இல் நாடாளுமன்றச் சட்டம் பெற்று, வேல்ஸ் எம்.பி.க்களின் பெரும் எதிர்ப்பையும் மீறி, 1965-இல் லின் கெலின் நீர்த்தேக்கத்துக்காகக் கேப்பல் கெலின் கிராமத்தை மூழ்கடித்தது. பள்ளிக்கூடம், தபால் நிலையம், தொழுகைக்கூடம், கல்லறை எல்லாம் நீருக்குள் போயின. அங்கு வாழ்ந்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தனர். 2005-இல்தான் லிவர்பூல் மன்னிப்புக் கேட்டது. அதே லின் கெலினிலிருந்து திறந்துவிடும் நீர்தான் ட்ரிவெரின் ஆற்றைக் கோடையிலும் பாய வைக்கிறது. மற்ற ஆறுகள் வற்றிக் கிடக்கும்போது இங்கே ராஃப்டிங்கும் கயாக்கும் களைகட்டுகின்றன. 1981-இல் உலக கேனோ சலாலம் போட்டியே இங்கு நடந்தது. சுற்றுவட்டார இளைஞர்களுக்கு அதனால் வேலை கிடைக்கிறது என்பதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் ரப்பர் படகில் ஆர்ப்பரித்து இறங்கும் பயணி, அந்த நீர் யார் வீட்டின் மேல் நிற்கிறது என்று அறியாமலே ஊர் திரும்பிவிட முடிகிறது. ஏரிக்கரையில் நினைவுக்கூடம் இருக்கிறது. கல்லறைக் கற்களும் அங்கே இருக்கின்றன. படகேறும் இடத்திலும் அந்தக் கதை சொல்லப்பட வேண்டும்.

மக்களுக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 2022 வறட்சியில் வர்ன்வி நீர்மட்டம் இறங்கி, 1880-களில் மூழ்கிய லன்வுதின் கிராமத்தின் எச்சங்கள் வெளியே தெரிந்தபோது பார்ப்பதற்குக் கூட்டம் திரண்டது.

பயணிகள் பக்கத்துக் குறையும் சிறிதல்ல. லின் டெகிட்டில் க்வினியாட் என்ற மீன் உண்டு. பனியுகத்திலிருந்து அந்த ஏரியில் சிறைப்பட்டு, வேறெங்கும் இயல்பாக இல்லாத இனம். 1980-களில் ரஃப் என்ற வெளி மீன் அங்கே புகுந்து அதன் முட்டைகளைத் தின்னத் தொடங்கியது. தூண்டில்காரர்கள் உயிர் இரையாகக் கொண்டுவந்ததுதான் காரணம் என்று கருதப்படுகிறது. கடைசியில் க்வினியாட் முட்டைகளை எடுத்துப்போய் மலைமேலுள்ள லின் அரெனிக் வாவர் ஏரியில் விட வேண்டியதாயிற்று. 2010-இல் போர்ட் டால்பட் அருகே எக்ளுயிஸ் நனித் நீர்த்தேக்கத்தில் ‘கொலைகார இறால்’ எனப்படும் அயல் உயிரி கண்டுபிடிக்கப்பட்டது. ஈரமான காலணியிலும் வலையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொண்டு இவை ஊர்விட்டு ஊர் போகும். பார்த்து, கழுவி, நன்றாக உலர்த்திவிட்டு அடுத்த ஏரிக்குப் போவது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாதவரை இயற்கை ஆர்வலர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு குறைகளையும் எடைபோட்ட பின்னும் என் தராசு பயணிகள் பக்கமே சாய்கிறது. அதற்குக் காரணம் கார்டிஃப் ஓரத்திலுள்ள லன்னிஷென். அந்த நீர்த்தேக்கத்தின் இடத்தில் வீடு கட்டும் திட்டம் போட்டு, 2010-இல் நீரை வடித்தும்விட்டார்கள். அங்கே நடந்தும் பாய்மரம் ஓட்டியும் பழகிய உள்ளூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். குடிநீர் நிறுவனம் பொறுப்பேற்று மீண்டும் நீர் நிரப்பியது. 2023-இல் அது பொதுமக்களுக்குத் திறந்தது. இன்று நேரம் ஒதுக்கி, மேற்பார்வையோடு நீந்தவும் விடுகிறார்கள். லன்டெக்வெத் நீர்த்தேக்கத்திலும் இப்படி ஏற்பாடு உண்டு. அணையிலிருந்தும் மதகிலிருந்தும் தள்ளி, கரை மெல்லச் சரியும் ஒரு மூலை கிடைக்கும் நீர்த்தேக்கங்களில் எல்லாம் கோடை மாதங்களில் இதையே செய்யலாம்.