நூலகத்தை எதனால் அளப்பது?

நூலகம் என்பது அளந்து பார்க்கக்கூடிய ஒரு பொருளா என்று வாசகர்கள் வியக்கலாம். நூலக, தகவல் அறிவியலில் முதுகலை பயிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் அதை அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். படிப்பின் இறுதிப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதித் தர வேண்டும். கெட்டி அட்டையில் பொன்னெழுத்துப் பொறித்துக் கட்டடம் செய்யப்படும் அந்த ஏடுகளைத் தேர்வாளரைத் தவிர வேறு எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. நான் பார்க்க நேர்ந்ததும் தற்செயலே.

என்னிடம் இளங்கலை இயற்பியல் படித்த ஆவடி மாணவி ஒருவர், பின்னர் நூலகவியலில் சேர்ந்திருந்தார். பகலில் வேலை, மாலையில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று நூலகம் நூலகமாக அலைந்து தகவல் திரட்டல். "சார், இந்தக் கை-வர்க்கக் கணக்கு மட்டும் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு நாள் வந்தார். முன்மாதிரியாக மூத்த மாணவர்களின் நான்கு ஆய்வேடுகளையும் கொண்டு வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நான்கையும் படித்து முடித்தேன். எழுதியவர் யார், எந்தக் கல்லூரி என்பது நமக்கு வேண்டாம். முறையை மட்டும் பார்ப்போம்.

நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை. நூலகத்துக்கு வந்த 100 பேரிடம் வினாத்தாள் கொடுக்கப்படுகிறது. "இங்குள்ள சேவை உங்களுக்கு மனநிறைவு தருகிறதா?" என்ற வினாவுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இட வேண்டும். கூட்டி வகுத்தால் 3.72 என்பது போல் ஒரு சராசரி கிடைக்கிறது. அதன்பின் வட்ட வரைபடங்கள் பத்துப் பக்கம். கடைசி இயலில், மேலும் நூல்கள் வாங்க வேண்டும், இருக்கைகளைக் கூட்ட வேண்டும், கணினி வசதி வேண்டும் என்ற பரிந்துரைகள். இவற்றை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்கலாம் அல்லவா?

மில்லிமீட்டர் கோடுகள் மட்டுமே உள்ள அளவுகோலால் அளந்துவிட்டு 12.347 செ.மீ. என்று எழுதும் மாணவனுக்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் மதிப்பெண் குறையும். கருவி காட்டாத இலக்கத்தை எழுதுவது பொய் சொல்வதற்குச் சமம். 3.72-க்கு வருவோம். விடைகள் சராசரியைச் சுற்றி ஒரு மதிப்பெண் அளவுக்குச் சிதறியிருந்தால், 100 பேரிடம் பெற்ற சராசரியின் பிழை ஒன்றை 100-இன் வர்க்கமூலத்தால் வகுத்துக் கிடைப்பது; அதாவது 0.1. ஆகவே உண்மையான மதிப்பு 3.5-ஆகவும் இருக்கலாம், 3.9-ஆகவும் இருக்கலாம். அந்தக் கடைசி 2 வெறும் அலங்காரம். ஆனால் பக்கத்து ஊர் நூலகத்தின் 3.65-ஐவிட இது மேல் என்று ஓர் ஆய்வேடு தீர்ப்பே வழங்கிவிடுகிறது!

இதைக்கூட மன்னிக்கலாம். பெரிய பிழை வேறு. கேட்கப்பட்ட 100 பேரும் நூலகத்துக்குள் இருந்தவர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்டு முடித்து இரவில் வெளியே வருபவருக்கு வினாத்தாள் போய்ச் சேரவில்லை. அவர் வெளியே வரும் நேரத்தில் நூலகம் பூட்டியிருக்கும். பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அந்தப் பகுதியைச் சேர்ந்த ஆய்வேட்டில் பிரெய்ல் நூல் என்ற சொல்லே காணோம். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் தண்டப்படுகிறது. 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டம் ஏற்படுத்திய ஏற்பாடு அது. வரி கட்டியும் உள்ளே வராதவர்தான் பெரும்பான்மை. அவரை விட்டுவிட்டு எடுத்த மனநிறைவுக் கணக்கு, பந்தியில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் ஊரில் பசி உண்டா என்று விசாரித்த கதைதான்.

மாணவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. கையில் இருப்பது ஒரு பருவ காலம். அதிலும் பாதி அனுமதிக் கடிதம் வாங்குவதில் போய்விடும். வினாத்தாள் முறை எளிது, பழகியது, தேர்வாளருக்கும் ஏற்புடையது. ஆனால் வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அதைக் காட்டியவர் நம் ஊரில் இருந்த ஒரு கணித ஆசிரியர்.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வேலை சலிப்பூட்டவே, சில நாட்களிலேயே பழைய வகுப்பறைக்குத் திரும்ப விரும்பினார். அவ்வாண்டே பயிற்சிக்காக லண்டன் யூனிவர்சிட்டி காலேஜுக்குப் போனார். அங்கே பாடத்தோடு நிற்காமல் பிரிட்டனில் நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரில் பார்த்தார். 1925-இல் திரும்பியபோது அவர் கையில் ஏராளமான குறிப்புகள் இருந்தன. ஆனால் அவற்றைக் கோக்கும் நூல் இல்லை. இது அவரை உறுத்தியது. கோள்களின் நிலைகளை டைக்கோ பிராகி குறித்து வைத்ததோடு வானியல் முடிந்துவிடவில்லை. கெப்ளர் வர வேண்டியிருந்தது. தமக்குத் தாமே கெப்ளராக ரங்கநாதன் முயன்றார். 1928-இல் அவருடைய பழைய கணித ஆசிரியர் எட்வர்ட் ராஸ் பேச்சுவாக்கில் முதல் விதியை எடுத்துக் கொடுத்தாராம். 1931-இல் 'நூலகவியலின் ஐந்து விதிகள்' ஆங்கிலத்தில் வெளிவந்தது. நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிரி.

இவை நியூட்டனின் விதிகளைப் போன்றவை அல்ல என்று இயற்பியல்காரன் என்ற முறையில் நான் சொல்லியாக வேண்டும். கல் விழுந்தே தீரும். நூலுக்கு வாசகர் வந்தே தீர்வார் என்பதில்லை. இவை இருக்க வேண்டிய நிலையைச் சொல்பவை. ஆனாலும் ஒவ்வொன்றிலிருந்தும் சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு வினா பிறக்கிறது. முதல் விதியிலிருந்து ரங்கநாதனே நூலகம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், அலமாரியின் அமைப்பு வரை போகிறார். நான்காவது விதியைச் சோதிக்க ஒரு நிறுத்து கடிகாரம் போதும். ஐந்து நூற்பெயர்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் கைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கலாம். இதில் யாருடைய அபிப்பிராயமும் தேவையில்லை.

மூன்றாம் விதிக்குரிய கருவியோ நூலுக்குள்ளேயே ஒட்டப்பட்டிருக்கிறது. கடன் கொடுக்கும்போது முத்திரை குத்துகிறார்களே, அந்தத் தேதிச் சீட்டைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1969-இல் வாங்கிய நூல்களின் வழங்கல் பதிவுகளை ஆராய்ந்தார்கள். அவற்றுள் சுமார் 40 விழுக்காடு முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கடனாகப் போகவில்லை. 1979-இல் வெளியான இம்முடிவு பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. உள்ளேயே அமர்ந்து படித்தவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் மறுக்க முடிகிற ஒரு முடிவு என்பதே அந்த ஆய்வின் பெருமை. 3.72-ஐ யார், எப்படி மறுப்பது?

எங்கள் துறைச் சரக்கு ஒன்றும் நூலகவியலுக்குப் போயிருக்கிறது. கதிரியக்கப் பொருளின் அரை ஆயுளைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பர்ட்டன், கெப்ளர் என்ற இருவர் (வானியல் கெப்ளர் அல்லர்) 1960-இல் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் அரை ஆயுள் கணித்தார்கள். மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் சரிபாதி எத்தனை ஆண்டுகளுக்கு உட்பட்டவை என்பதே கணக்கு. இயற்பியலுக்கு 4.6 ஆண்டு, கணிதத்துக்கு 10.5 ஆண்டு வந்தது. ஓர் ஊர்ப்புற நூலகத்தின் போட்டித் தேர்வு நூல்களுக்கும் நாவல்களுக்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டால், எந்த நூலை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதை நூலகரே சொல்லிவிடலாம்.

இவ்வளவையும் மாணவியிடம் சொன்னேன். "சார், கொடுத்து முடிக்க மூன்று வாரம்தான் இருக்கிறது" என்றார். அதுவும் உண்மை. வினாத்தாள் இயலை அப்படியே வைத்துக்கொண்டு, தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கத்தோடு நிறுத்தி, பிழை அளவையும் எழுதுவது. கூடவே ஒரே ஓர் அலமாரியின் தேதிச் சீட்டுகளை மட்டும் ஒன்று விடாமல் பார்த்து எழுதுவது என்று முடிவாயிற்று. எந்த அலமாரி என்பதை அவர் விருப்பத்துக்கு விட்டேன்.

அடுத்த வாரம் குறிப்பேட்டோடு வந்தார். அவர் எடுத்துக்கொண்டது அறிவியல் அலமாரி. அதில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் முன்பு வெளியிட்ட வெப்பவியல், ஒளியியல் நூல்கள் இருந்தன. என் வகுப்பில் தமிழ்வழி மாணவர்கள் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் அதே வகை நூல்கள். சீட்டுகளில் முத்திரை இல்லை. கல்லூரியிலிருந்து அந்த நூலகம் பேருந்தில் மூன்றாவது நிறுத்தம். இத்தனை ஆண்டுகளில் அங்கே போய்ப் பாருங்கள் என்று ஒரு மாணவரிடமும் நான் சொன்னதில்லை. ஆய்வேட்டில் இதை எழுதலாமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.