மறுமொழி யாருடையது?

அம்பத்தூரில் வணிகம் செய்யும் நண்பரின் தந்தையார் வஃபாத்தான செய்தியறிந்து, ஸலாம் கூறி வாட்ஸ்அப்பில் இரங்கல் எழுதினேன். நொடியில் மறுமொழி வந்தது: ‘தொடர்பு கொண்டமைக்கு நன்றி, விரைவில் அழைக்கிறோம்.’

2018இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, உரிமையாளர் இல்லாத வேளையில் தானே விடைதரும் வசதியைச் சிறு வணிகருக்கும் அளித்தது. கடை நேரத்தையும் விலையையும் கருவி சொல்வதில் குறையில்லை. குறித்த வேளையில் அறிவிப்பை வெளியிடுவதும் அவ்வாறே. ஆனால் ஸலாமுக்கு அதனினும் சிறந்ததையோ, அதையேயோ திருப்பிக் கூறுமாறு திருமறை (4:86) பணிக்கிறது. அக்கடமை மனிதன் மீதுள்ளது, கருவியின் மீதன்று.

1966இல் எலிசா என்னும் உரையாடல் நிரலை அறிமுகப்படுத்திய ஜோசப் வைசன்பாம், அதனிடம் மக்கள் மனந்திறந்து பேசக்கண்டு திடுக்கிட்டார்.

மூன்றாம் நாள் நண்பர் தம் கைப்பட இரண்டு வரி எழுதினார். தாமதமாக வந்த அதுவே மறுமொழி.