சின்னாற்று முள்ளும் ஐந்து மில்லிமீட்டர் ரப்பரும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாறு தாண்டி மறையூர் போக எந்த பிரேம் நல்லது, எத்தனை கியர் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பேசுவது டயரைப் பற்றித்தான். கேரளம் என்றால் மழை என்ற நினைப்பு இந்தப் பாதையில் எடுபடாது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்தாலே பனையும் காய்ந்த வரப்பும் தொடங்கிவிடும். இடுக்கி எல்லையில் உள்ள சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் மழை மறைவுப் பகுதி. மலைக்கு மேலே மூணாறு நனைந்துகொண்டிருக்க, இங்கே ஆண்டுக்குச் சுமார் 500 மி.மீ. மழைதான். கள்ளியும் முட்புதரும் நட்சத்திர ஆமையும் உள்ள காடு. மணல் இல்லையே தவிர, டயருக்குப் பாலைவனத்தில் வரும் சோதனையெல்லாம் இங்கேயும் உண்டு.

நெருஞ்சி எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கினால் ஏழெட்டு ஒரே நேரத்தில் ஏறிக்கொள்ளும். காற்று சத்தமில்லாமல் இறங்கும். இதே நெருஞ்சிதான் கடல் கடந்து போய் அமெரிக்காவின் தென்மேற்கு வறண்ட நிலங்களிலும் சைக்கிள்காரர்களை வாட்டுகிறது. அதை ஒடுக்க 1961இல் இத்தாலியிலிருந்து கூன்வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். சீமைக் கருவேல முள் வேறு ரகம். ஆணி மாதிரி நேராக ஏறி, நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். உள்ளே விரலால் தடவி அதை எடுக்காமல் புது டியூபை மாட்டினால் அதுவும் போகும்.

நான் ஓட்டிப் பார்த்தது ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனம் செய்யும் மாரத்தான் பிளஸ், 700×35 அளவு. சாலையில் படும் ரப்பருக்கு அடியில் 5 மி.மீ. தடிமனில் நீல நிற ரப்பர் அடுக்கு ஒன்று இருக்கிறது. முள் இறங்குவதை அது தடுப்பதில்லை. டியூபைத் தொடுமுன் முள்ளின் நீளம் தீர்ந்துபோகிறது. மாலையில் நான் பிடுங்கிய நெருஞ்சிகளில் ஒன்றுகூட டியூபை எட்டவில்லை. நீளமான கருவேல முள்ளுக்கு அப்படி உத்தரவாதம் சொல்லமாட்டேன். பக்கச் சுவருக்கு இந்த அடுக்கு கிடையாது.

பழைய டயரின் நடுப்பட்டையை வெட்டி டயருக்குள் வைக்கும் பழக்கம் நம் சைக்கிள் கடைகளில் உண்டு. தத்துவம் இதேதான். பட்டையின் விளிம்பு டியூபை உரசி உரசி ஓட்டை போட்டுவிடும்; விளிம்பைச் சீவி மெலிதாக்கினால் உள்ளூர் ஓட்டத்துக்கு அது தாராளமாகப் போதும்.

டயர் ஒன்று ஏறத்தாழ 900 கிராம். தை, மாசியில் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்குக் காற்று முகத்தில் அறையும்போது அதன் மந்தம் காலில் தெரியும். சின்னாறு செக்போஸ்ட்டிலிருந்து மறையூருக்குச் சுமார் 500 மீட்டர் ஏறுகையில் இன்னும் தெரியும். ஆனாலும் இதை மாற்றமாட்டேன். சரணாலயத்துக்குள் சாலை 16 கிலோமீட்டர். நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது. “எங்கயும் நிறுத்திராதீங்க, ஆனை தண்ணிக்கு எறங்கற எடம்” என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். பாம்பாற்றுக்கும் சின்னாற்றுக்கும் இறங்கும் யானைகள் இந்தச் சாலையைக் கடக்கின்றன. அந்த வளைவுகளில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக் குனிந்து உட்காரும் நிலை யாருக்கும் வரக் கூடாது. அதற்காக எத்தனை கிராம் வேண்டுமானாலும் சுமக்கலாம்.

டியூப்லெஸ் டயரில் பஞ்சர் திரவம் ஊற்றி ஓட்டுபவர்கள் எடை மிச்சம் என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்த வெயிலில் திரவம் சீக்கிரம் உலர்கிறது. உலர்ந்துவிட்டது என்பது முள் ஏறிய பிறகுதான் தெரியவரும்.

உடுமலையைத் தாண்டினால் உதிரி கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். சாதாரண சைக்கிளின் 28×1½ டயருக்கு ரிம் விட்டம் 635 மி.மீ., இந்த டயருக்கு 622, மாட்டவே முடியாது. இரண்டு டியூப், பஞ்சர் பசை, பம்பு கையோடு இருக்கட்டும். ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால் பின்சக்கரத்துக்கு வாங்குங்கள், பைகளின் சுமை அங்கேதான். இந்த ரக டயர்கள் விறைப்பானவை, ரிம்மில் ஏற்றக் கட்டைவிரல் நோகும். வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடித்தால் எளிதாக ஏறும். வீட்டிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.