கோல்ஃப் ஜிடிஐயும் ஒரு சிவப்புக் கோடும்

தில்லியில் வெயில் ஏறி, தூசியை வாரிக்கொண்டு ஆந்தி வீசத் தொடங்கும் நாட்களில், ஜன்னல்களை இறுகச் சாத்திவிட்டுக் கண்ணாடி அலமாரியின் முன் அமர்ந்து, கட்டைவிரல் நீளக் கார்களை மெல்லிய தூரிகையால் துடைத்துக்கொண்டிருப்பது என் போன்ற டைகாஸ்ட் பித்தர்களுக்கு ஒரு நித்திய கர்மம். அந்த அலமாரிக்கு ஆறு வாரங்களுக்கு முன் கரோல் பாக் கடையொன்றிலிருந்து வந்து சேர்ந்தது, 1976-ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. கறுப்பு நிறம், 1:64 பிரமாணம். செய்த கம்பெனியின் பெயரை, அதன் மற்றக் கார்கள்மீது எனக்குள்ள அபிமானத்தை உத்தேசித்துச் சொல்லாமல் விடுகிறேன். துத்தநாகக் கலவை வார்ப்பு, ரப்பர் டயர், திறவாத கதவு என்பனவெல்லாம் அட்டையிலேயே அச்சாகியிருக்கின்றன.

அசல் ஜிடிஐ, 5000 கார்கள் போனால் போதுமென்று எண்ணித் தொடங்கப்பட்டு, முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி. 110 குதிரைத்திறன் எஞ்சினை ஒரு சாதாரணக் குடும்பக் காருக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அந்த ரகசியத்தை முன் கிரில்லைச் சுற்றியோடும் மெல்லிய சிவப்புக் கோட்டினால் ஜாடையாகச் சொன்னது அது. உள்ளே, பீங்கான் ஓவியராயிருந்த குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்மணி யோசித்த கட்டம்போட்ட இருக்கைத் துணியும், கோல்ஃப் பந்து போன்ற கியர்க் குமிழும். என் காரின் இருக்கைகளில் கட்டங்கள் இல்லை. ஜன்னலுக்குள் குனிந்து பார்ப்பவர் யார் என்று அதை மன்னித்துவிட்டேன்.

கோட்டைத்தான் மன்னிக்க முடியவில்லை. அசலில் அதன் அகலம் ஒரு சென்டிமீட்டர் என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும், 64-ஆல் வகுத்தால் 0.16 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட வேண்டும். இங்கேயோ ஸ்கேலை வைத்து அளந்தால் அரை மில்லிமீட்டர் நிற்கிறது. அதைத் திருப்பிப் பெருக்கினால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல், ஸ்கூல் பெண்ணின் பின்னலில் முடியும் ரிப்பனுக்குச் சமானம். போதாக்குறைக்கு இடப்பக்க விளக்கின் விளிம்பில் சற்றே இறங்கி, வியர்வையில் வழிந்த குங்குமம் போலவும் நிற்கிறது.

இத்தகைய கோடுகளை டாம்போ என்னும் முறையில் அடிக்கிறார்கள்: தகட்டில் குழிவாகச் செதுக்கிய சித்திரத்தில் மையை நிரப்பி, மெத்தென்ற சிலிக்கோன் திண்டினால் அதை ஒற்றியெடுத்து, காரின் வளைவு நெளிவுகளின்மேல் அப்படியே பதிய வைப்பது. மெல்லிய கோடு இம்முறைக்கு அசாத்தியம் என்று சொல்லித் தப்ப வழியில்லை. ஏனெனில் இதே காரின் பின்கதவில் ‘ஜிடிஐ’ என்ற மூன்று எழுத்துக்கள், பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாமல் முத்துப் போல விழுந்திருக்கின்றன! ஆகவே முகப்பில் கண்ட தடிமன் கைப்பிசகன்று, சங்கற்பம் என்றே எனக்குப் படுகிறது. கடையின் கொக்கியில் தொங்கும்போது நான்கடி தூரத்திலிருந்து கண்ணில் படவேண்டுமென்று போட்ட கோடு அது. மேஜையில் வைத்து ஒரு சாண் தூரத்தில் பார்க்கும் கிழவனை உத்தேசித்துப் போட்டதன்று.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பல்குச்சியில் தொட்டுக்கொண்டு ஒரு நள்ளிரவில் உட்கார்ந்தவன், கோட்டோடு கறுப்பும் கரைந்துவிடுமே என்று அஞ்சி எழுந்துவிட்டேன். பொம்மைகளின் இறக்குமதித் தீர்வை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறிய பிறகு, பிடிக்கவில்லையென்று வெளிநாட்டிலிருந்து வேறொன்றைத் தருவிப்பது பென்ஷன்காரனுக்கு ஆகிற காரியமா? நிஜக் காரோ, 2025-இல் இந்தியாவுக்கு வந்தபோது ஏறக்குறைய 53 லட்சம்.

எனவே என் ஜிடிஐ இப்போது பின்கதவை வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது. வரும் நண்பர்கள்தாம், வயதான மனிதர், மறந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டார் போலும் என்றெண்ணி, நான் காப்பி கொண்டுவர உள்ளே போகும் சமயம் பார்த்து, அதன் முகத்தை முன்பக்கம் திருப்பி வைத்துவிடுகிறார்கள்.